ரிசைன் என்கிற வார்த்தை

ரிசைன் என்றால் நாமாகவே வேலையை விட்டுவிடுவது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இருபத்தைந்து வருஷமாகத் தெரிந்த வார்த்தை, இருந்தும் கண் மறுபடி மறுபடி அந்த வரியிலேயே போய் நிற்கிறது, மெஷினில் நூல் சிக்கினால் ஊசி அதே ஓட்டையில் குத்திக்கொண்டே இருக்குமே அந்த மாதிரி. ஐ ஹியர்பை ரிசைன். அடுத்த வரியில் ஆஃப் மை ஓன் ஃப்ரீ வில். அதற்குக் கீழே பெயர் எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும். தோல் ஸ்டோரில், இன்னும் கட்டிங்குக்குப் போகாத கறுப்புத் தோல் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், டிபன் டப்பாவைத் திறக்கவில்லை, எலுமிச்சை சாதம்தான், திறக்காமலே வாசனை வருகிறது. வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரோ யாரிடமோ குழம்பு கேட்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். அறுபத்து மூன்று பேர். ஒரு மணிக்கு அவர்கள் ஸ்டிச்சிங் ஹாலில் வந்து நிற்பார்கள், நான் முன்னால் நின்று இந்தக் காகிதத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். "நீங்க சொன்னாத்தான் மேடம் நம்புவாங்க," என்றார் பிரசன்னா சார். முப்பத்து நாலு வயசு, சென்னையிலிருந்து மேனேஜராக வந்து எட்டு மாதம் ஆகிறது, நல்ல பிள்ளை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். "கம்பெனி பேர் மாறுது, அதுக்கு ஒரு ஃபாரம், எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை." சார், இதுல ரிசைன்னு போட்டிருக்குதே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தார். "அது ஃபார்மாலிட்டி மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஸ்டிச்சிங் இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, மேலிடத்து முடிவு, உங்களை மட்டும் ராணிப்பேட்டை யூனிட்டுக்கு ஹெச்.ஆர். அசிஸ்டென்ட்டாக அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன், மாதச் சேலரி, பி.எஃப்., எல்லாம் இருக்கும் என்றார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

ஃபார்மாலிட்டி. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஆசீர் சாருடைய பட்டியலில் அந்த வார்த்தை இல்லை. அதை நான் ஆபீசில்தான் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி ஆசீர் சார் கொடுத்தது, பாதி ஆபீஸ் கொடுத்தது, எந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆசீர் சார் கொடுத்த வார்த்தைகளில் சாக்பீஸ் தூள் இருக்கும், ரயில் சத்தம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஷாகிராவின் சிரிப்பு இருக்கும். ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சோடா கடைக்கு மேலே அந்த ஒற்றை அறை. வேலைக்கு, வியாபாரத்துக்கு இங்கிலீஷ், தொண்ணூறு நாளில் என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள், தொண்ணூறு நாள் எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது, யாரும் அதைப் பற்றி வருத்தப்படவில்லை. மாதம் நாற்பது ரூபாய். கீழே சோடா மெஷின் சுற்றுகிற சத்தம், மேலே நாங்கள் ப்ராஃபிட், ப்ராஃபிட் என்று கூட்டமாகச் சொல்கிற சத்தம். ரயில் வந்தால் சார் பேச்சை நிறுத்திவிடுவார். எந்த எழுத்தில் நிறுத்தினாரோ அந்த எழுத்தில், சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி, கூட்ஸ் வண்டியாக இருந்தால் மூன்று நிமிஷம் கூட அப்படியே நிற்பார். பாங்க் என்று சொல்லி நிறுத்தினார் ஒருநாள், வண்டி போய் முடிந்ததும் ரப்ட் என்றார். நான் பாங்க் என்பதற்குத் தனியாகவும் ரப்ட் என்பதற்குத் தனியாகவும் நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டு, ரப்ட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஷாகிராவைக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "பாங்க் போனப்புறம் மிச்சம் இருக்கறது," என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ, தெரிந்தே சொன்னாளோ. அவள் சொல்வதெல்லாம் அப்படித்தான்.

ஆசீர் சாருக்கு அப்போது இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், இங்கே தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் எக்ஸ்போர்ட் காகிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார், சாயங்காலம் ஆறரைக்கு வந்து விளக்கைப் போடுவார். முதல்நாள் பெயர் கேட்டார். தனகோட்டி சார் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போர்டைப் பார்த்து நின்றார், தோள் குலுங்கியது. "கோவிச்சுக்கிடாதீங்க. எங்க ஊர்ப் பக்கம் கோட்டின்னா பைத்தியம். தனகோட்டின்னா பணப்பைத்தியம்லா?" எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் காது சூடானது, அழுதுவிடுவேனோ என்று பயந்தேன், ஷாகிரா எழுந்து நின்று, "சார், எங்க ஊர்ல கோட்டின்னா கோடி. டென் மில்லியன். உங்க ஊர்ல டென் மில்லியன் பார்த்தவங்க யாரும் இல்ல போல," என்றாள். டென் மில்லியன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குத்தான் அவள் எனக்குச் சிநேகிதி ஆனாள், அதற்கு முன் எட்டு மாதம் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தும் அவள் உருது வீட்டுப் பெண், நான் காலனிப் பெண் என்று இரண்டு பேரும் அவரவர் டப்பாவை அவரவர் மடியில் வைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் எல்லாமே வார்த்தைதான். வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டி நடப்போம், அன்றைக்குப் படித்த வார்த்தைகளை வழியில் பார்க்கிற எல்லாவற்றின் மேலும் ஒட்டிப் பார்ப்போம். கொட்டை சின்னதாக இருக்கிற மாம்பழம் ப்ராஃபிட். மழை நின்ற பிறகும் சொட்டுகிற மரம் ஓவர்டைம். ஒரு நாய் இன்னொரு நாயின் இடத்தில் வந்து படுத்தால் ரீப்ளேஸ்மென்ட். எங்கள் சூப்பர்வைசர் லையபிலிட்டி. ஷாகிராவின் அண்ணன் தினம் சைக்கிளில் வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பான், தூரத்தில் அவன் தலை தெரிந்ததும் "ஆடிட்டர் வந்துட்டாரு," என்பாள், நாங்கள் உடனே முகத்தைச் சரிசெய்துகொள்வோம். ஒருநாள் சார் போர்டில் ப்ராப்ளம் என்று எழுதி எதிரில் சொல்யூஷன் என்று எழுதினார். அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தோம், நிறுத்த முடியவில்லை. சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குச் சொல்யூஷன் என்றால் தோலை ஒட்டுகிற பசை. மஞ்சள் டின்னில் வரும், திறந்தால் நெற்றிப்பொட்டில் அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் டேபிள் வொர்க்கில் ஒட்டுகிற பெண்கள் எல்லாருக்கும் தலைவலி, அந்தத் தலைவலிக்கே சொல்யூஷன் என்று பேர். "சார், எங்க ப்ராப்ளமே சொல்யூஷன்தான்," என்றாள் ஷாகிரா. அவர் அதைக் கேட்டுவிட்டுச் சாக்பீஸால் சொல்யூஷனுக்குப் பக்கத்தில் இரண்டாவது அர்த்தம் என்று எழுதி, அதை எங்களையே சொல்லச் சொன்னார். போர்டில் எங்கள் பசை ஏறிய நாள் அது. சம்பளம் வாங்கின சனிக்கிழமைகளில் அரைத்தட்டு பிரியாணி வாங்கி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அவளுக்கு எலும்பு பிடிக்கும், எனக்குக் கத்தரிக்காய், சண்டையே வராது. "திஸ் இஸ் அவர் போனஸ்," என்பாள், விரலை நக்கிக்கொண்டே. இருபத்தொரு வயசு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உலகத்தில் எதன் மேலும் பயம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது இருக்கிறது.  மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. மகள் வேலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவளுக்கு அப்பா இல்லை, இருப்பது நான்தான், ராணிப்பேட்டை என்றால் காலை ஆறு மணி பஸ் பிடிக்க வேண்டும், பரவாயில்லை, பிடிக்கலாம். சேலரி என்றாரே. அந்த வார்த்தைக்காகத்தானே அந்த மாடிப்படியை ஒன்றரை வருஷம் ஏறினோம். வேஜஸுக்கும் சேலரிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரிய வைத்தது சார் இல்லை, ஷாகிராதான், தண்டவாளத்து ஓரத்தில். "வேஜஸ்னா நாளைக்கு வேலைக்கு வந்தா காசு. சேலரின்னா நாளைக்குக் காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தாலும் காசு." பிறகு ஆபீசில் ஒரு இடம் காலியானது, இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த பெண் வேண்டும், சாம்பிள் ரூமில் பொருளின் பெயர் படித்துச் சீட்டு ஒட்ட வேண்டும், சரக்கு வாங்குகிற பையர்கள் வந்தால் பேச வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அப்போதிருந்த மேனேஜர் நேராக ஷாகிராவைப் பார்த்து, வேஜஸ், சேலரி, வாட் இஸ் த டிஃபரன்ஸ் என்று கேட்டார். அந்தக் கேள்வியேதான். நான் திரும்பி அவளைப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் பார்த்தேன், சொல்லப்போகிறாள் என்று. அவள் துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே, காய்ச்சல் உட்பட, எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார், வேலை எனக்கு. வெளியே வந்ததும் ஏண்டி சொல்லல என்றேன். "மறந்துடுச்சு." உனக்கா? "எனக்குத்தான். ஏன், எனக்கு மறக்கக் கூடாதா?" மூன்று மாதத்தில் கிருஷ்ணகிரியில் நிக்காஹ். மாப்பிள்ளை முன்பே முடிவாகி இருந்ததா, அதனால்தான் விட்டுக்கொடுத்தாளா, இல்லை நிஜமாகவே அந்த நிமிஷத்தில் மறந்துதான் போனதா. கேட்டிருக்கலாம். மருதாணி வைத்த கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கேட்கவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். நான் இப்போது ஒரு சமையல்கட்டுக்கு மேனேஜிங் டைரக்டர், லீவு இல்லை, போனஸ் இல்லை, ஆனால் பிரமோஷன் வருகிறது, ஏழாவது மாதம் என்று எழுதியிருந்தாள். பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன், அவள் இருந்திருந்தால் என் ஆபீஸ் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று.

அவள் பூங்காவனத்துக்கு அதைச் செய்திருக்க மாட்டாள். இதோ வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கும் என்று தெரியும், அதனால்தான் பிரியாணி, மாம்பழம் என்று இவ்வளவு நேரம் சுற்றினேனோ. பதின்மூன்று வருஷம் ஆகிறது. வெளிநாட்டுப் பையர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள், வெள்ளை முடி, தட்டையான செருப்பு, வேலை செய்கிறவர்களோடு தானே பேச வேண்டும் என்றாள். மேனேஜர் என்னைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பார்த்துச் சொல்லும்மா என்றார், அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாள் பூங்காவனத்தின் மெஷின் பக்கத்தில் குனிந்து, ஆர் யூ ஹாப்பி வித் யுவர் வொர்க் என்றாள். நான் தமிழில் கேட்டேன். பூங்காவனம் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் அடியில் வீங்கியிருந்தது. "கையி மரத்துப் போவுதும்மா. ராத்திரி சோறு பெசைய முடியல. ரெண்டு நாள் லீவு கேட்டா வேலையை உட்டுப் போன்னு சொல்றாங்க. நீ சொல்லும்மா அவங்களுக்கு." நான் அந்த வெள்ளை முடியைப் பார்த்துச் சொன்னேன், ஷி இஸ் ஹாப்பி, ஷி சேஸ் ஹர் ஹாண்ட் இஸ் வெரி ஃபாஸ்ட். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பூங்காவனத்தின் வீங்கிய கையைப் பிடித்துக் குலுக்கினாள். பூங்காவனத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் கையைப் பற்றிச் சொன்னதால்தான் கையைப் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நல்லா சொன்னே தாயி," என்றாள். தாயி என்றாள். நாலு மாதம் கழித்து நின்றுவிட்டாள், எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்காமல் இருக்க எனக்கு நிறைய வேலை இருந்தது. அந்தத் தீபாவளிக்கு எனக்கு நூற்றைம்பது ரூபாய் இன்கிரிமென்ட். அதற்கப்புறம் எத்தனை பையர்கள், எத்தனை ஹாப்பி. ஒரு பொய்யும் முதல் பொய் அளவுக்கு வலிக்கவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. இன்றைக்கு நடக்கப்போவதும் வலிக்காமல் போய்விடும். பத்து நிமிஷ வேலை. கையெழுத்துப் போடுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், தனகோட்டி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாதிப் பேருக்கு மேல் பத்து வருஷம் தாண்டியவர்கள். கம்பெனி அனுப்பினால் வருஷத்துக்கு இவ்வளவு என்று சட்டப்படி கொடுத்து அனுப்ப வேண்டும். அவர்களாகவே போனால் அந்தக் கணக்கு கிடையாது. இதற்குத்தான் இந்த ஒரு வார்த்தை, ஆறெழுத்து இங்கிலீஷில்.

ஆர் எழுத்து. ஆமாம், ஆர். மூன்று வார்த்தைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தார் ஆசீர் சார், ரிசைன், ரிடையர், ரிட்ரெஞ்ச், மழை பெய்துகொண்டிருந்தது, ஆறு பேர்தான் வந்திருந்தோம். "மூணும் ஆர்லதான் ஆரம்பிக்கி. மூணுலயும் ஆளு வெளிய போயிருதான். ஆனா கதவைத் திறந்தது யாருன்னு பாக்கணும். ரிசைன்ல நாமளே திறக்கோம். ரிடையர்ல வயசு திறக்கி. ரிட்ரெஞ்ச்ல முதலாளி திறக்கான்." ஷாகிரா கையைத் தூக்கினாள். சார், நீங்க தூத்துக்குடி வேலையை விட்டு வந்தீங்களே, உங்களுக்கு எந்தக் கதவு? அவர் சாக்பீஸை மேசைமேல் உருட்டினார். "மூணாவது. கப்பல் ஆபீஸ்ல பாதிப் பேரை வேலைய விட்டு எடுத்துட்டாவ. ஆனா எங்கிட்ட கையெழுத்து மொதக் கதவுக்கு வாங்கிட்டாவ." படிக்காமலா சார் போட்டீங்க, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமே என்று நான்தான் கேட்டேன், இங்கிலீஷ் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பிய வயசு. அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "படிச்சுட்டுத்தான் போட்டேன். காகிதத்தை நீட்டுனது என் சிநேகிதன். அவன் சும்மா ஒரு இதுன்னு சொன்னான்." ரயில் வந்தது. அவர் வழக்கம்போல நிறுத்தினார். ரயில் போன பிறகு அதைத் தொடரவில்லை, அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார். சும்மா ஒரு இது. அதற்கு இங்கிலீஷ் ஃபார்மாலிட்டி என்று அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், எங்கள் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அந்த நண்பன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான் என்றும் தோன்றுகிறது. அவனுக்கும் ஒரு மகள் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். அவனுக்கும் யாராவது ஒரு ராணிப்பேட்டை சொல்லியிருக்கலாம்.

மணி அடிக்கிறது. டிபன் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன், தோல் கட்டின் விளிம்பு தொடையில் பதிந்து கால் மரத்திருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். ஹாலில் மின்விசிறிகள் ஓடுகின்றன, மெஷின்கள் ஓடவில்லை, அந்த அமைதியே ஏதோ பண்டிகை நாள் மாதிரி இருக்கிறது. பெண்கள் அவரவர் மெஷின் பக்கத்தில் நிற்கிறார்கள், சிலர் இன்னும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. பிரசன்னா சார் வாசல் பக்கத்து மேசையில் ஃபாரங்களை அடுக்கி, பக்கத்தில் புதுப் பேனாக்கள் ஒரு பெட்டி வைத்திருக்கிறார். யாரும் பேனா இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று யோசித்து வாங்கியிருக்கிறார். முன்வரிசையில் நிற்கிற நவநீதம் ஏற்கெனவே ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள், பதினொரு வருஷமாகத் தோல் ஓரத்தைச் சீவுகிற ஸ்கைவிங் மெஷினில் இருக்கிறவள், எதற்கும் முதலில் வந்து நிற்பாள். "சொல்லுக்கா," என்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது, சத்தியமாகத் தெரியாது. வாயைத் திறந்தபோது கம்பெனி பேர் என்றுதான் வந்தது.

"கம்பெனி பேர் மாத்தற காயிதம்னு சொல்லச் சொன்னாங்க. இது அது இல்ல." என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "நானே என் சொந்த விருப்பத்துல வேலையை உடறேன்னு இதுல எழுதியிருக்குது. ரெண்டாவது வரியில யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலன்னு போட்டிருக்குது. கையெழுத்துப் போட்டா நாம்பளா போனதா ஆயிடும். அவங்க அனுப்பினா சட்டப்படி என்னா தரணுமோ, அதை அப்புறம் கேட்க முடியாது." மேடம் என்றார் பிரசன்னா சார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது என்று தெரியும். "எனக்கு மட்டும் ராணிப்பேட்டையில வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதையும் சொல்லிடறேன்."

நவநீதம் பேனா மூடியைத் திரும்பப் போட்டாள், அது மாட்டாமல் இரண்டு முறை நழுவியது. "அப்ப கம்பெனி மூடறாங்களாக்கா?" அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூடறாங்க என்றேன், ஸ்டிச்சிங் மட்டும், இந்த மாசத்தோட. பின்வரிசையில் யாரோ தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள், பக்கத்தில் இருந்தவள் அவளை அழாதே என்று சொல்லாமல் முந்தானையை எடுத்துக் கொடுத்தாள். பிரசன்னா சார் என் பக்கத்தில் வந்தார். "ஒரு நிமிஷம் ஆபீசுக்கு வாங்க மேடம்." நான் நகருவதற்கு முன்பே நவநீதம் நடுவில் வந்து நின்றாள். "அக்கா எங்கேயும் வரமாட்டாங்க சார். பேசறதை இங்கேயே பேசுங்க."

அவர் எங்களையெல்லாம் பார்த்தார். நெற்றியில் வியர்வை, மின்விசிறிக்கு நேர் கீழேதான் நிற்கிறார். பேச ஆரம்பித்தவர் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷில் பேசினார், வேகமாக, என்னைப் பார்த்து மட்டும், நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபத்து மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். "இன்னாக்கா சொல்றாரு?" என்றாள் நவநீதம். நான் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன், ஒரு வார்த்தையும் குறைக்காமல். இன்னிக்குக் காலையில இதே ஃபாரம் அவருக்கும் வந்திருக்குதாம். நம்ப கையெழுத்தையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள வாங்கி அனுப்பினா அவருது மட்டும் கிழிச்சுப் போட்டுடறோம்னு சொல்லியிருக்காங்களாம். ராணிப்பேட்டை விஷயம் அவரா சொன்னதாம், அங்க யாருகிட்டயும் இன்னும் கேட்கலையாம். வீட்டுல சம்சாரத்துக்கு எட்டாவது மாசமாம். என்ன பண்றதுன்னு தெரியலையாம்.

 நவநீதம் தன் மெஷினுக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்து அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க சார். உக்காந்து சொல்லுங்க, நீங்க கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?" அவர் உட்காரவில்லை. சட்டைப் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். விரித்துப் பார்த்தேன். மேலே அவர் பெயர் டைப் அடித்திருந்தது, கீழே கோடு காலியாக இருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்து, பேனாப் பெட்டியை மூடி ஜன்னல் திட்டில் வைத்தேன்.